மச்சாள் விழுங்கிய வசனம்

மச்சாள்,

இன்று காலை மகள் என் இடக்கண்ணின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினாள். நித்திரையில் கை பட்டுவிடாமல் இருக்க அதை வைத்து ஒட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள். பிளாஸ்டரை உரிக்கும்போது வந்த பசை வாசம் மூக்கில் ஏறியது. உடனே உங்கள் விரல்கள்தான் நினைவுக்கு வந்தன. ஏழு வருடங்களுக்கு முன்னர், கொட்டாஞ்சேனை வீட்டின் முன்னறையில் என்னைக் கதிரையில் இருத்தி, வலக்கண்ணிலிருந்து இதே பிளாஸ்டரை எடுத்தவர் நீங்கள். மகள் ஒரே இழுவையாக இழுத்துவிடுவாள். நீங்கள் அப்படியில்லை. ஈரப் பஞ்சால் ஓரத்தை நனைத்து, ஊற விட்டு, தோல் நோகாமல் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்தீர்கள். அந்தப் பக்குவத்தை நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. செத்தவர்களைக் குறை பேசக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். இருந்தும் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டியது. ஆனால் கேட்பதற்கு ஒரு விஷயம் இருக்கிறது என்பதே பதினொரு நாட்களுக்கு முன்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். எதிலும் முந்திக்கொள்வதுதானே உங்கள் வழக்கம்.

உங்கள் தம்பி, என் மனுஷன், இறந்த பிறகு நானும் மகளும் உங்கள் வீட்டில்தான் இருந்தோம். நீங்கள் கலியாணம் கட்டாதவர். கொழும்புக் கோட்டையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழும் சிங்களமும் இங்கிலீசும் உங்கள் வாயில் ஒன்றோடொன்று முட்டாமல் வரும். நான் மன்னாரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொழும்பில் இருபது வருடம் இருந்தும் என் சிங்களம் மரக்கறிக் கடையைத் தாண்டவில்லை. தாண்ட நீங்கள் விடவுமில்லை. பொலிஸ் பதிவு, மகளின் பள்ளிக்கூடம், மின்சாரக் கந்தோர் என்று கதைக்க வேண்டிய இடத்திலெல்லாம் நீங்கள் முன்னால் நின்று கதைத்தீர்கள், நான் பின்னால் நின்று தலையாட்டினேன். எங்கள் ஒழுங்கையில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் உங்களைத்தான் துணைக்குக் கேட்பார்கள். மடக்குக் குடையையும் ஒரு பைலையும் எடுத்துக்கொண்டு, சொந்த வேலை மாதிரிக் கிளம்பிவிடுவீர்கள்.

எனக்கென்று அந்த நாட்களில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தமிழ்ப் பூசையில் வேதாகமத்திலிருந்து முதல் வாசகத்தை நான் வாசிப்பேன். வீட்டில் எந்தத் தட்டை எந்த ராக்கையில் வைப்பது என்பதைக்கூட உங்களிடம் கேட்டுச் செய்தவள், அந்த ஐந்து நிமிடம் கோயில் நிறைந்த சனத்துக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்பேன். என் குரலுக்கு எல்லோரும் அடங்கி இருப்பார்கள், முன்வாங்கில் நீங்களும். வலக்கண்ணில் புரை முற்றி எழுத்துகள் கலங்கத் தொடங்கியபோது நான் தவித்தது அதற்காகத்தான்.

நான் பயந்தவள். அதை நான் மறைக்கவில்லை. பல்லுப் பிடுங்கப் போய், என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வீட்டுக்கு வந்தவள் நான். கண் சத்திரசிகிச்சைக்கு முதல் தவணை தந்த நாளிலும் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்திருந்தேன். நீங்கள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தீர்கள். நெற்றி குளிர்ந்திருந்தது. குசினிக்குப் போய்விட்டீர்கள். அடுத்த தவணைக்கு என்ன செய்வது என்று அப்போதே முடிவு எடுத்திருப்பீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த தவணையில் எங்களோடு கதைத்த அந்த இளம் டொக்டர் நல்லவர். அவருக்கு என் மேல் என்ன அவசியம்? வெளியே வரிசையில் அவ்வளவு சனம் இருக்க, கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருந்து சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். ஒரு கோப்பை பிளேன்ரீ ஆறும் நேரம் கதைத்தார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். காதைத் தொட்டுக் காட்டினார். முகத்துக்கு மேல் கையை விரித்துத் துணி போடுவதுபோலக் காட்டினார். பிறகு தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுட்டுவிரலால் இல்லை இல்லை என்றார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

“ஒண்டும் இல்லையாம். ஊசி போட நித்திரை மாதிரி வருமாம். எழும்பேக்க எல்லாம் முடிஞ்சிருக்குமாம்,” என்றீர்கள்.

“இவ்வளவு நேரம் கதைச்சவர், இவ்வளவுதானோ சொன்னவர்?”

“சிங்களத்தில நீட்டித்தான் சொல்லுவினம். நீர் கையெழுத்தை வையும்.”

நான் சிரித்தேன், மச்சாள். அதுதான் இப்போது எனக்கு ஆறவில்லை. சிரித்துக்கொண்டு, நீங்கள் விரல் வைத்துக் காட்டிய கோட்டின் மேல் கையெழுத்து வைத்தேன். டொக்டர் உங்களிடம் ஏதோ கேட்டார். “ஒவ் டொக்டர்,” என்று ஆமா போட்டீர்கள். எல்லாம் சொன்னீர்களா, அவவுக்கு விளங்கியதா என்றுதான் அந்த மனிதர் கேட்டிருப்பார்.

தியேற்றருக்குள் உங்களை விடவில்லை. கண்ணுக்குக் கீழே ஊசி போட்டார்கள். முகத்தில் துணி போட்டார்கள். நான் நல்ல பிள்ளையாக நித்திரைக்குக் காத்திருந்தேன். மனத்துக்குள் பத்து அருள்நிறை மரியே சொல்லி முடித்தேன். நித்திரை வரவில்லை. தட்டில் ஏதோ இரும்புச் சாமான் வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ இருவர் பகிடி சொல்லிச் சிரித்தார்கள். கண்ணுக்குள் வெளிச்சம் ஒன்று அசைந்தது, கன்னத்தால் தண்ணீர் வழிந்தது. நோகவில்லை. நோகவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. மருந்து ஏறவில்லை, நான் நித்திரையாகவில்லை என்பது தெரியாமல் இவர்கள் வெட்டத் தொடங்கிவிட்டார்கள், இதோ அடுத்த நிமிடம் நோகப்போகிறது என்றுதான் என் புத்தி ஓடியது. வேறு பக்கம் ஓட அதற்கு நீங்கள் வழி விட்டிருக்கவில்லை.

“டொக்டர், எனக்கு இன்னும் நித்திரை வரேல்ல,” என்றேன், தமிழில்.

“ஹொல்லன்ன எபா அம்மே,” என்றது ஒரு பெண் குரல்.

அசையாதேங்கோ அம்மா என்று அர்த்தம். இப்போது தெரியும். அன்றைக்கு அதட்டுகிறார்கள் என்பது மட்டும்தான் விளங்கியது. துணிக்குள்ளிருந்து சொன்னதால் கேட்கவில்லையாக்கும் என்று, இன்னும் உரத்துச் சொல்வதற்காகத் தலையைத் தூக்கினேன்.

புரையை எடுத்துவிட்டார்கள். ஆனால் புது வில்லையைத் தாங்க வேண்டிய மெல்லிய பை கண்ணுக்குள் கிழிந்துபோனது, வில்லையை வைக்க முடியவில்லை. கொஞ்சக் காலம் கழித்து இன்னொரு முறை முயற்சி செய்யலாம் என்றார்கள். இனி இந்த ஜென்மத்தில் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். வலக்கண்ணுக்கு வெளிச்சம் தெரியும். முன்னால் ஆள் நிற்பது தெரியும். யார் என்பது தெரியாது.

அன்று பின்னேரமே நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். கீழ்வீட்டுக்காரி படியேறி வந்து விசாரித்தாள். நான் அறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். கண்ணைத்தான் கட்டியிருந்தார்கள், காதை இல்லை.

“அவ தலையை ஆட்டிப்போட்டா. டொக்டர் பாவம், என்ன செய்யிறது?”

பாண்காரனுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னீர்கள். கோயில் முற்றத்தில் நாலு பேருக்குச் சொன்னீர்கள். நத்தார்ப் பண்டிகைக்கு வந்த உறவினர் கேட்டபோது நானே சொல்லும் அளவுக்கு அந்த வசனம் எனக்குப் பாடமாகிவிட்டது: நான் ஆட்டிப்போட்டன். சொல்லும்போது சிரித்தும் காட்டுவேன். கட்டை மாதிரி அசையாமல் கிடந்திருந்தால் கண் தப்பியிருக்கும், உன் கோழைத்தனத்தால் நீயே கெடுத்துக்கொண்டாய் என்று என்னையே திட்டாத நாள் கிடையாது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நான் கூடத்தையும் குறை சொல்லவில்லை, டொக்டரையும் குறை சொல்லவில்லை. என்னை மட்டும் குறை சொன்னேன்.

கண் போனது ஒரு பக்கம். மற்றது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தலைவழியே சட்டை போட முடியாமல் போனது. முகம் மூடிப்படும் அந்த ஒரு நொடியில் மூச்சு நின்றுவிடும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளாகவே தைப்பித்தேன். முகத்தைத் துவாயால் ஒற்றுவேன், மூடித் துடைக்கமாட்டேன். மல்லாந்து படுக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பேன். மழை நாளில் மகள் பாசத்தில் என் தலைக்கு மேலால் போர்வையை இழுத்துவிட, நான் அலறி அவளுடைய கையைக் கீறிவிட்டேன். நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள்.

“உமக்குக் கண்ணில வருத்தமோ மண்டையில வருத்தமோ?” என்றீர்கள்.

வாசகத்தையும் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் இரண்டு வாரம் இடக்கண்ணை வைத்துச் சமாளித்துப் பார்த்தேன். வரி மாறிப்போய், ஒரே வசனத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறு நீங்கள் என்னைக் கேட்காமல் எழுந்து போய் வாசித்தீர்கள். நன்றாகத்தான் வாசித்தீர்கள். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. முழுதாகச் சொல்ல உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்தத் தபசு காலத்தில் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கர்த்தர் தந்த கண்ணை என் கோழைத்தனத்தால் கெடுத்துவிட்டேன் சுவாமி, அது பாவமா என்று கேட்டேன். சுவாமிக்கு வயது போய்விட்டது, காதும் அவ்வளவு கேளாது. எல்லாப் பாவத்துக்கும் கொடுப்பதுபோல ஒரு அபராதம் கொடுத்து அனுப்பினார். நான் மாதா சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து அந்தச் செபங்களைச் சொன்னேன். சொல்லி முடித்தும் மனம் ஆறாமல் இன்னொரு சுற்று சொன்னேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். உங்களுடைய பாவத்தை என்னுடையதென்று அறிக்கையிட்டு, அதற்கான அபராதத்தையும் நானே தீர்த்திருக்கிறேன். அந்த நேரம் நீங்கள் பின்வாங்கில் இருந்து எனக்காகக் காத்திருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு மகள் என்னை வெள்ளவத்தைக்குத் தன்னோடு கூட்டி வந்தாள். இங்கே வரும்போதே இடக்கண்ணிலும் புரை இறங்கியிருந்தது. அவளுக்கு மூன்று மாதம் மறைத்தேன். காலி வீதியைக் கடக்கும்போது பஸ்ஸின் சத்தத்தை வைத்துத்தான் கடந்தேன். அடுப்பு எரிகிறதா என்று பார்க்கக் கையை நீட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பிடிபட்டேன். இருக்கிறது இந்த ஒரு கண்தான், இதுவும் போனால் என்னம்மா செய்வீங்கள் என்று மகள் அழுதாள். சத்திரசிகிச்சை செய்தால் நான் மறுபடி ஆட்டிவிடுவேன் பிள்ளை, இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று நானும் அழுதேன். எனக்கு அதில் ஒரு துளி சந்தேகம் இருக்கவில்லை. ஆட்டுகிறவள் நான், அது என் குணம்.

கடைசியில் அவளுக்காகத்தான் போனேன். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சின்னக் கண் ஆஸ்பத்திரி அது. பதினொரு நாட்களுக்கு முன்னர் அங்கே ஒரு தமிழ் நேர்ஸ் பிள்ளை என்னை இருத்தி வைத்துக் கதைத்தாள்.

“அன்ரி, நித்திரையாக்க மாட்டம். நீங்கள் முழிப்பாத்தான் இருப்பீங்கள். முகத்தில துணி போடுவம். வெளிச்சம் தெரியும், தண்ணி ஓடுற மாதிரி இருக்கும், நாங்கள் கதைக்கிறதும் கேக்கும். நோகாது. ஏதும் சொல்லோணும் எண்டா தலையை அசைக்காமல் என்ர கையை அமத்துங்கோ.”

எனக்கு அன்று நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்போலச் சொன்னாள்.

“இது இப்ப புதுசா வந்த முறையோ, பிள்ளை?”

“இல்லையே அன்ரி. எங்கயும் இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவினம். உங்களுக்கும் சொல்லியிருப்பினமே. அண்டைக்கு ஆர் உங்களோட வந்தது?”

ஆர் வந்தது. அந்த டொக்டரின் கைகள்தான் கண்ணுக்குள் வந்தன. கண்ணைத் தொட்டது, வெளிச்சம் தெரியும் என்று. காதைத் தொட்டது, சத்தம் கேட்கும் என்று. தலையைப் பிடித்துக்கொண்டு விரலை ஆட்டியது, எது வந்தாலும் தலையைத் தூக்காதே என்று. எல்லாவற்றையும் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் நீங்கள்.

அன்றிரவு சாப்பிட முடியவில்லை எனக்கு. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. ஏனென்றால் என்னுடைய அலுவலுக்குப் பிறகு நீங்கள் ஒருவருக்கும் துணைக்குப் போகவில்லை. கீழ்வீட்டுக்காரி தன் சலரோகக் கிளினிக்குக்குத் துணை கேட்டு வந்தாள், முழங்கால் நோகிறது என்றீர்கள். ஒழுங்கை முனை மனுஷனுக்கு இருதயம் பார்க்கக் கேட்டார்கள், அதற்கும் முழங்கால். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் நோகாத முழங்கால். பெருமை பிடித்துவிட்டது உங்களுக்கு என்று அப்போது நினைத்தேன். எனக்கு ஆறு வாரம் மணி பார்த்து, ஒரு நேரம் தவறாமல், சொட்டு மருந்து விட்டதையும் பாசம் என்று நினைத்தேன். நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். தெரிந்துகொண்டுதான், அவ ஆட்டிப்போட்டா என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். பயத்தில் ஒரு பொய் சொன்னதை நான் பொறுப்பேன். அந்தப் பொய்க்கு என்னை விலையாகக் கொடுத்ததைப் பொறுக்கமாட்டேன்.

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முடிக்க முடியவில்லை.

சத்திரசிகிச்சை நாளன்று எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஹெந்தளையிலிருந்து வந்த ஒரு மனுஷி இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள், பச்சைத் தொப்பி போட்டு, கண்ணில் மருந்து விட்டுத் தயாராக்கி வைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அவளுடைய முறை. மகன் ஏதோ தாளைக் கொடுக்கக் கீழே இறங்கிப் போனான். போகும்போது, “தூங்குற மாதிரிதான் இருக்கும்மா, பயப்படாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனான். நேர்ஸ் சொன்னதையெல்லாம் அவன்தான் கேட்டிருக்கிறான். தாய் கேட்கவில்லை.

“அக்கா, தூங்க வச்சிருவாங்கல்ல?” என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

கை சில்லென்று இருந்தது. எனக்கு உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் சேர்ந்துகொண்டது. இன்னொருத்தியை நான் அப்படி உள்ளே அனுப்பமாட்டேன் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முழிப்பாய் இருப்பீங்கள், துணி போடுவினம், வெளிச்சம் வரும், சத்தம் கேட்கும், தலையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் இப்படித்தான் ஆகும் என்று என் வலக்கண்ணையும் காட்டினேன். நோகாது என்றும் சொன்னேன். அந்தச் சொல் அவளுக்குக் கேட்கவேயில்லை.

“அப்ப நான் பாத்துக்கிட்டு இருக்கையிலயே வெட்டுவாங்களா?”

அவள் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள். செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, மருந்து விட்ட கண்ணோடு சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கிப் போய்விட்டாள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மகன் மூச்சு வாங்க மேலே ஓடி வந்தான்.

“என்னா சொல்லிப் பயங்காட்டினீங்க? ஆறு மாசமா கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். உங்களுக்கு ஏன் இந்த வேலை?”

அவன் கேட்டதில் பிழையில்லை. அவளுடைய முறை காலியானதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அசையவில்லை, மச்சாள். வெளிச்சம் வந்தது, வரும் என்று தெரியும். தண்ணீர் வழிந்தது, வழியும் என்று தெரியும். நடுவில் ஒருமுறை நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. நேர்ஸ் பிள்ளையின் கையை அமத்தினேன். எல்லாரும் செய்த வேலையை நிறுத்திவிட்டு, “என்ன அன்ரி?” என்று கேட்டார்கள். “ஒண்டும் இல்லை, நீங்கள் இருக்கிறீங்களோ எண்டு பாத்தனான்,” என்றேன். நான் ஆட்டுகிறவள் அல்ல. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடம் எடுத்தது. இப்போது யன்னலில் நின்றால் காலி வீதியில் போகும் பஸ்ஸின் இலக்கம் தெரிகிறது.

ஆனால் படுத்திருந்த நேரம் முழுக்க அந்த மனுஷிதான் மனத்தில் நின்றாள், சுவரைத் தடவிக்கொண்டு இறங்கியவள். உண்மையைச் சொல்லி நான் அவளை ஓட வைத்தேன். பொய்யைச் சொல்லி நீங்கள் என்னைப் படுக்க வைத்தீர்கள். அன்றைக்கு நீங்கள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் நானும் ஓடித்தான் இருப்பேன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நேற்றுமுன்தினம் கண் காட்டப் போனபோது நேர்ஸ் பிள்ளையிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை தன் போனில் எடுத்துக் கொடுத்தாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் காதில் வைத்தேன்.

“நீங்க சொன்னது எல்லாம் நெசந்தானாம்க்கா, மகனே ஒத்துக்கிட்டான்,” என்றாள். “ஆனா தெரியாம இருந்திருந்தா இந்நேரம் எனக்கு முடிஞ்சிருக்கும்ல.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. மகனோட சண்டையாயிருச்சு. நீங்க கூட வர்றீங்களா? பக்கத்துல இருந்தா போதும். ஒன்னும் சொல்லாதீங்க.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் ஹெந்தளைக்கு பஸ் எடுத்து, அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மகளுக்கு இது பிடிக்கவில்லை. கண்ணே இன்னும் ஆறவில்லை, ஊர்ச் சனத்துக்குத் துணை போகிறீங்களோ, மாமி மாதிரியே வந்திட்டீங்கள் என்கிறாள். அந்தச் சொல்லுக்கு அவளை அடிக்காத குறை.

நான் உங்கள் மாதிரி இல்லை. ஒன்றும் சொல்லாதே என்று அவள் கேட்டாலும் ஒரு வசனம் சொல்லத்தான் போகிறேன். துணியைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ, என் வலக்கண்ணைப் பற்றியோ அல்ல. “நீங்கள் முழிப்பாத்தான் இருப்பீங்கள், எல்லாருக்கும் அப்பிடித்தான்.” அவ்வளவுதான். அதைக் கேட்டு அவள் எழுந்து ஓடினால் நானும் பின்னால் ஓடி, பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து வீட்டில் கொண்டுபோய் விட்டு, அடுத்த தவணைக்கு மறுபடி போய்க் கூட்டி வருவேன். ஓடுகிறவளுக்கு அப்படியும் ஒரு துணை இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லை.

அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன், மச்சாள், இந்த மேசையில் இருந்துகொண்டு, வாய்விட்டு. அதைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட முழுதாய்ச் செலவாகவில்லை. அந்த மூச்சு அன்றைக்கு உங்களிடம் இருந்தது.